மேல்மலையில் இருந்தபடியே கரண்ட் அஃபேர்ஸ் படிப்பது எப்படி?

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் இருந்து, அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தங்கச்சி போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். பை நிறைய கரண்ட் அஃபேர்ஸ் (நடப்பு நிகழ்வுகள்) மாத இதழ்கள், மொத்தம் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் மஞ்சள் ஹைலைட்டர். சில பக்கங்களில் மஞ்சள் படாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "மூணு தடவ படிச்சுட்டேண்ணே. டெஸ்ட்ல உக்காந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோகுது" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆணி அடிக்காத சுவரில் சட்டையை மாட்டப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். முதல் தேர்வில் நானும் இதையேதான் செய்தேன். பொருத்துக கேள்வி ஒன்று வந்தது. நான்கு திட்டங்களின் பெயரும் தெரியும், தொடங்கிய தேதிகூடத் தெரியும். எந்தத் துறை நடத்துகிறது என்று கேட்டிருந்தார்கள், அது தெரியவில்லை. அந்த ஒன்றரை மதிப்பெண் இன்றைக்கும் உறுத்துகிறது.

நான் பூம்பாறையில் இருந்துகொண்டே படித்தவன். மூன்றாவது முயற்சியில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேறினேன். இப்போது வேலை பார்த்துக்கொண்டே குரூப் 2-க்குப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி உட்காருவோம். அங்கே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேள்வித்தாள்

எந்தத் தேர்வு என்று முடிவு செய்யாமல் பேப்பரைப் பிரிக்காதீர்கள். குரூப் 4-ல் 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். குரூப் 1 முதல்நிலையில் தமிழ்ப் பகுதி கிடையாது, பொது அறிவு 175 கேள்வி, திறனறிவு 25. மத்திய அரசுப் பணிக்கான யுபிஎஸ்சி முதல்நிலையின் பொது அறிவுத் தாளில் 100 கேள்விதான், ஆனால் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்குக் கழிவு இல்லை. அதனால் குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அகலமாகவும், யுபிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் ஆழமாகவும் போக வேண்டும். யுபிஎஸ்சி முதல்நிலைத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். இது தெரியாமலே ஒரு வருடம் தமிழில் மட்டும் படித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் கிடைக்கின்றன. கடைசி மூன்று தாள்களை இறக்கி, பென்சிலால் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் "செய்தி", "பாடம்", "இரண்டும்" என்று குறியுங்கள். விடை எழுத வேண்டாம், குறித்தால் போதும். "இரண்டும்" என்று எத்தனை கேள்விக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். செய்தியை மட்டும் தனியாகப் படித்தால் ஏன் பலிக்காது என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆணி அடிப்பது

நான் சொன்ன ஆணி பாடப்புத்தகம்தான். முதல் இரண்டு மாதம் சமச்சீர்ப் புத்தகங்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல், அப்புறம் 11, 12-ஆம் வகுப்பு அரசியல் அறிவியலும் பொருளாதாரமும். இந்த இரண்டு மாதமும் பேப்பர் வாசிக்கலாம், குறிப்பு எடுக்க வேண்டாம். நாடாளுமன்றம் ஒரு மசோதாவை எப்படிச் சட்டமாக்குகிறது என்று தெரியாதவருக்கு அன்றைய செய்தியில் எது முக்கியம் என்று தெரியாது. எல்லாமே முக்கியமாகப் படும், எல்லாவற்றுக்கும் மஞ்சள் அடிக்கத் தோன்றும்.

ஒரு உதாரணம். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் மசோதா 2023 செப்டம்பரில் நிறைவேறியது. மசோதாவின் எண் 128. சட்டமான பிறகு அது அரசியலமைப்பின் 106-ஆவது திருத்தம். இரண்டு எண்ணும் சரி, ஆனால் வேறு வேறு. மசோதா வேறு, திருத்தச் சட்டம் வேறு என்று பாடத்தில் படித்தவர் இதைத் தடுமாறாமல் பிரித்துவிடுவார். படிக்காதவர் இரண்டையும் மனப்பாடம் செய்து, தேர்வறையில் ஒன்றைத் தொலைப்பார்.

செய்தி எங்கிருந்து வருகிறது

மலையில் இருக்கும் நமக்குச் சில கஷ்டங்கள் உண்டு. பேப்பர் பஸ்ஸில் ஏறி வரவேண்டும், மேல்மலைக்கு அது வந்து சேர முற்பகல் ஆகிவிடும். மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் டவரும் போகும். கீழே மதுரையில் இருப்பவரின் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு அழுவதில் பயனில்லை. நமக்கென்று ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

காலையில் ரேடியோ. கோடை பண்பலையோ, எந்த வானொலி எடுக்கிறதோ அது. ஆகாஷ்வாணியின் தமிழ்ச் செய்தியை முழுதாகக் கேளுங்கள். எழுத வேண்டாம். முடிந்தவுடன் காதில் நின்ற மூன்று செய்திகளை மட்டும் ஒரு துண்டுத் தாளில் குறியுங்கள். பேப்பர் வந்ததும் அந்த மூன்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

பேப்பர் ஒன்று போதும். தினமணியோ இந்து தமிழ் திசையோ, வீட்டுக்கு எது ஒழுங்காக வருகிறதோ அது. இரண்டு வாங்கினால் இரண்டும் பாதி பாதியாகக் கிடக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேப்பரில் உட்காராதீர்கள். கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் குறை சொல்வது, கொலை கொள்ளை, சினிமா, ஜோதிடம் எல்லாம் தள்ளிவிடலாம். நிற்க வேண்டிய இடங்கள் சட்டம், தீர்ப்பு, அரசுத் திட்டம், நியமனம், விருது, அறிக்கை, ஒப்பந்தம், விண்வெளி, சுற்றுச்சூழல், விளையாட்டுச் சாதனை. நடுப்பக்கக் கட்டுரைகளில் வாரத்துக்கு இரண்டை ஊன்றிப் படியுங்கள். முதன்மைத் தேர்வுக்குப் போகும்போது தமிழ்நடைக்கு அதுதான் கைகொடுக்கும்.

டவர் இருக்கும் இடத்தில், கொடைக்கானல் டவுனுக்குப் போகும்போதோ பெருமாள்மலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, சில கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் தமிழிலும் செய்திக்குறிப்பு போடுகிறது. தமிழ்நாடு அரசின் ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும், அது தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கும். இதைப் படிக்கிறவர்கள் குறைவு. எனக்கு இதுதான் பெரிய புதையல். ஒரு திட்டம் எப்போது தொடங்கியது, யாருக்கு, எவ்வளவு பணம், எந்தத் துறை என எல்லாம் அரசே சொன்ன சொல்லில் இருக்கும். எல்லாத் துறைகளையும் படிக்க முடியாது. பள்ளிக் கல்வி, மக்கள் நல்வாழ்வு, சமூக நலன், வனம், வேளாண்மை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலம் என்ற ஆறில் ஆரம்பியுங்கள். 2025 மார்ச்சில் தமிழ்நாடு முதன்முறையாகத் தன் பொருளாதார ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதன் சுருக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வரும் பிடிஎஃப் பற்றிக் கேட்பார்கள். அதைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள், அதிலிருந்தே படிக்காதீர்கள். நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு தொகுப்பில் பழைய எண்ணை அப்படியே திரும்ப அச்சடித்திருந்தார்கள். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

ஒரு செய்தியைப் பிரிப்பது

இதுதான் முக்கியமான வேலை, நிதானமாகப் படியுங்கள். ஒரு செய்தி கையில் வந்ததும் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். யார் செய்தது? எந்தச் சட்டம் அல்லது பிரிவு? வரைபடத்தில் எங்கே? எண்ணும் தேதியும் என்ன? பாடப்புத்தகத்தில் இது எந்தப் பக்கம்?

நம் வீட்டு வாசல் செய்தியையே எடுப்போம். இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு. வெள்ளி நீர்வீழ்ச்சிச் சாவடியில் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பதைத் தினமும் பார்க்கிறோம், ஆனால் அதை ஒரு தேர்வுச் செய்தியாகப் பார்த்திருக்கிறோமா?

யார் செய்தது? சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, மாவட்ட நிர்வாகங்கள் நடைமுறைப்படுத்துகின்றன. உயர் நீதிமன்றம் என்றவுடன் பிரிவு 226, நீதிப்பேராணை அதிகாரம். உச்ச நீதிமன்றத்துக்கு அது பிரிவு 32. எந்தப் பிரிவு? ஒருவர் இந்தியா முழுதும் தடையில்லாமல் நடமாடுவது 19(1)(ஈ) தரும் உரிமை. பொதுநலனுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்பது 19(5). அதே 19(5)-ல் பழங்குடியினரின் நலனைக் காக்கவும் கட்டுப்பாடு போடலாம் என்று இருக்கிறது. அப்புறம் சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்னும் 48ஏ, குடிமகனின் கடமை என்னும் 51ஏ(ஜி). இந்த இரண்டும் 1976-ல் 42-ஆவது திருத்தத்தால் வந்தவை. எங்கே? நீலகிரி மாவட்டமும், திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானலும். எண்? இ-பாஸ் முறை 2024 மே 7-ல் தொடங்கியது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வண்டிகளுக்கு உச்சவரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆய்வு செய்ய நீதிமன்றம் சொன்னது சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும். பாடம்? அடிப்படை உரிமைகள், அரசு நெறிமுறைக் கோட்பாடுகள், நீதித்துறை என்று மூன்று அத்தியாயங்கள்.

ஒரு செய்தியில் எத்தனை கேள்வி ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். இப்படி ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு செய்தியைப் பிரித்தால் போதும். முப்பது செய்தியை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இது பல மடங்கு மேல்.

இன்னொன்று, சற்றுச் சுருக்கமாக. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்னும் அரசுப் பதிவு) கிடைத்தது. வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை ஏற்றிவிட்டவர்களுக்கு அந்தப் பூண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள். சட்டம் 1999-ல் இயற்றப்பட்டது, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. இந்தியாவில் முதலில் பெற்றது டார்ஜிலிங் தேயிலை. பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். அமைச்சகம் வர்த்தகமும் தொழிலும். பலரும் வேளாண்மை என்று எழுதிவிடுவார்கள். அதே 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. நீலகிரியில் தோடர் எம்பிராய்டரிக்கு உண்டு. தனித்தனியாகப் படிக்காமல் இவற்றை ஒரே தாளில் எழுதுங்கள்.

அமைச்சகம் என்றதும் இன்னொன்று. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காபி, தேயிலை, ரப்பர், நறுமணப் பொருள் என எல்லா வாரியமும் வர்த்தக அமைச்சகத்தின் கீழ்தான். தலைமையகம் மட்டும் ஊர் ஊராக மாறும்: காபி பெங்களூரு, தேயிலை கொல்கத்தா, ரப்பர் கோட்டயம், நறுமணப் பொருள் கொச்சி. 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தில் தொடங்கப்பட்ட செய்தியைப் பார்த்ததும் இந்தப் பட்டியலோடு சேர்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. நான் தாண்டிக்குடி பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பட்டியல் மனதில் ஓடும்.

அறிவியலுக்கும் இதே வழிதான். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டார், அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். ஆய்வகத்தை இன்று நடத்துவது இந்திய வானியற்பியல் நிறுவனம். 2023 செப்டம்பர் 2-ல் பிஎஸ்எல்வி சி57 ராக்கெட் ஏவிய ஆதித்யா எல்1 என்ற சூரிய ஆய்வு விண்கலத்தில் இருக்கும் ஏழு கருவிகளில், சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவைப் படம் பிடிக்கும் முக்கியக் கருவியை உருவாக்கியதும் அதே நிறுவனம். 2024 ஜனவரி 6-ல் ஆதித்யா எல்1 தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். அப்சர்வேட்டரி ஸ்டாப்பில் தினமும் இறங்குகிற பிள்ளைகள் இந்தச் செய்தியை வெறும் பெயராக மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

காட்டுமாடு டவுனுக்குள் வந்தது என்பது நமக்கு வாரம் ஒரு செய்தி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, அதன் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது, அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தன. காட்டுமாடு முதல் அட்டவணையில் இருக்கிறது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது 2013-ல். இப்படி ஐந்து வரி எழுத ஐந்து நிமிடம் ஆகுமா?

எச்சரிக்கையாகப் பிரிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பிஎம் ஜன்மன் திட்டம் 2023 நவம்பர் 15, பிர்சா முண்டா பிறந்தநாளில் தொடங்கியது. நாடு முழுதும் 75 குழுக்களுக்கானது, மிகவும் நலிந்த நிலையில் உள்ள பழங்குடிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் ஆறு குழுக்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். நம் பழனி மலையின் பளியர் பட்டியல் பழங்குடிதான், ஆனால் இந்த ஆறில் இல்லை. "பழங்குடி" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு விடை போடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.

நோட்டு

கட்டிய நோட்டு வேண்டாம். இரண்டு ஓட்டை போட்ட தாள்களும் ஒரு ஃபைலும் வாங்குங்கள். பாடவாரியாகப் பிரிப்புத் தாள் வையுங்கள்: அரசியலமைப்பு, பொருளாதாரம், சுற்றுச்சூழல், அறிவியல், தமிழ்நாடு திட்டங்கள், விருது நியமனம், உலகம். தேதிவாரியாக எழுதாதீர்கள். தேதிவாரியாக எழுதினால் மார்ச் மாதத்து ராம்சர் செய்தி (உலக அளவில் முக்கியம் என்று அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள்) ஒரு மூலையில், ஆகஸ்ட் மாதத்து ராம்சர் செய்தி இன்னொரு மூலையில் கிடக்கும். தேர்வுக்கு முந்தின வாரம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.

ஒரு தலைப்புக்கு ஒரு தாள். தாளின் இடது பக்கம் இரண்டு அங்குலம் விட்டு எழுதுங்கள். அந்த இடம் பின்னால் வரும் மாற்றத்துக்கு. என் ஃபைலில் இருக்கும் "தமிழ்நாடு திட்டங்கள்" தாள் ஒன்றைச் சொல்கிறேன். முதல் வரி "காலை உணவுத் திட்டம் - 15.9.2022, மதுரை". அதன் கீழ் "25.8.2023, திருக்குவளை, விரிவாக்கம்". இடது ஓரத்தில் வேறு மையில் "26.8.2025, நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும்". அடுத்தது "மகளிர் உரிமைத் தொகை - 15.9.2023, மாதம் ரூ.1,000". இரண்டும் செப்டம்பர் 15 என்பதால் நடுவில் ஒரு கோடு போட்டு "அண்ணா பிறந்தநாள்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கடுத்து "புதுமைப்பெண் - 5.9.2022" (ஆசிரியர் தினம் என்று ஓரக்குறிப்பு), "தமிழ்ப் புதல்வன் - 9.8.2024, கோவை". அரசு நாள் பார்த்துத்தான் திட்டம் தொடங்கும். அந்த நாளின் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் தேதி தானாக வரும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் தரும் விடியல் பயணத்துக்கு நேரே "2021, 2024-25 பட்ஜெட்டில் மலைப்பகுதிக்கும்: நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை" என்று இருக்கும். எங்கள் அம்மா முதல் தடவை காசு கொடுக்காமல் டவுனுக்கு வந்து இறங்கிய நாளில் எழுதிய வரி அது, மறக்கவே மறக்காது.

ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சி தாளில் தமிழ் வரி புரியாமல் போனால் பக்கத்தில் இருக்கும் ஆங்கில வரியைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று தாளிலேயே போட்டிருப்பார்கள்.

எண் எழுதினால் தேதி எழுதுங்கள்

இப்போது அந்தத் தொகுப்புக் கதை. தமிழ்நாட்டில் ராம்சர் தலங்கள் எத்தனை? நான் வாங்கிய தொகுப்பில் 14 என்று போட்டிருந்தது. ஒரு காலத்தில் அது சரி. 2024 ஜனவரியில் கரைவெட்டியும் கோத்தகிரி லாங்வுட் சோலையும் சேர்ந்து 16 ஆனது. 2024 ஆகஸ்டில் நஞ்சராயன், கழுவெளி, அப்போது 18. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் வந்து 20. நான் 14 என்றே மாதிரித் தேர்வு வரை தூக்கிக்கொண்டு போனேன். நீலகிரிக்காரர் ஒருவர்தான் "எங்க லாங்வுட் சோலை எங்கப்பா?" என்று கேட்டுத் திருத்தினார்.

அன்றிலிருந்து தேதி இல்லாமல் எந்த எண்ணையும் நான் எழுதுவதில்லை. "20 (பிப். 2025)" என்று எழுதினால் அடுத்த முறை அந்தச் சொல் கண்ணில் பட்டதும் "மாறிவிட்டதா?" என்று பார்க்கத் தோன்றும். வரையாடும் அப்படித்தான். தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024-ல் 1,031, 2025-ல் 1,303. மாநில விலங்கு, வரையாடு நாள் அக்டோபர் 7.

சட்டங்களுக்கு மூன்று தேதி உண்டு: நிறைவேறியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல், நடைமுறைக்கு வந்தது. பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்டங்கள் 2023 டிசம்பரில் நிறைவேறின, நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துத்தான் விடை.

திரும்பப் பார்ப்பதும் கேள்வி போடுவதும்

அன்று எழுதியதை மறுநாள் காலை, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் மாதக் கடைசி. இவ்வளவுதான், இதைத் தவறவிடாதீர்கள்.

நம் ஊருக்கு ஏற்ற ஒரு வழி இருக்கிறது. மலைப்பாதையில் பஸ்ஸில் புத்தகம் படித்தால் தலை சுற்றும், வாந்தி வரும். அதனால் வாரக் கடைசியில் அந்த வாரத் தாள்களை உங்கள் குரலிலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள். "தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது?" என்று கேட்டு, ஐந்து விநாடி இடைவெளி விட்டு, விடை சொல்லுங்கள். டவுனுக்குப் போய் வரும் நேரத்தில் ஒரு மாதப் பாடத்தைக் கேட்டுவிடலாம். பீன்ஸ் பறிக்கும்போதும் பூண்டு தரம் பிரிக்கும்போதும் காதில் ஓடட்டும். டவர் வேண்டாம், டேட்டா வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது எங்கள் விதி. அதில் குறைந்தது இரண்டு கூற்று, காரணம் வகையில் இருக்க வேண்டும். தவறான விடைகளை நம்பும்படி எழுத முயன்றாலே தேர்வு வைக்கிறவரின் மனது புரிந்துவிடும். ஆள் கிடைக்காவிட்டால் தனியாகவும் செய்யலாம், பத்து நாள் கழித்து உங்கள் கேள்விக்கு நீங்களே விடை எழுதுங்கள்.

கிடைக்கும் உதவி

திண்டுக்கல் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஊட்டியில். பயிற்சி இலவசம். தினமும் போக முடியாதவர்கள் மாதிரித் தேர்வு நாளிலாவது போங்கள். நூறு பேரோடு உட்கார்ந்து எழுதும் பழக்கம் வீட்டில் வராது. யுபிஎஸ்சி எழுத நினைப்பவர்கள் நான் முதல்வன் திட்டத்தின் போட்டித் தேர்வுப் பிரிவைப் பாருங்கள். தேர்வு வைத்து 1,000 பேரை எடுத்து மாதம் ரூ.7,500 வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள் என்பது 2023-ல் வந்த அறிவிப்பு. முதல்நிலை தேறினால் ரூ.25,000. விண்ணப்பத் தேதியை அவர்கள் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஊர்ப்புற நூலகத்தில் பழைய பேப்பர் கட்டுகளைப் பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். விட்டுப்போன மாதங்களைப் பிடிக்க அது போதும்.

கடைசிப் பத்து நாள்

புதிய செய்தி எதையும் சேர்க்காதீர்கள். ஃபைலில் இருந்து அடிக்கடி மறக்கிற தாள்களை மட்டும் உருவி, இருபது தாளுக்குள் ஒரு கட்டு கட்டுங்கள். எண்கள், அமைச்சகங்கள், தலைமையகங்கள், இதுவரை தப்பாகப் போட்ட விடைகள். அந்தக் கட்டைத் தினமும் ஒருமுறை. மாத இதழ்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அந்தத் தங்கச்சியின் பன்னிரண்டு இதழும் இப்போது பதினெட்டுத் தாளாகி இருக்கிறது. ராம்சர் தாளில் 20-க்குப் பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறாள்.

மையம் திண்டுக்கல்லிலோ வத்தலகுண்டிலோ விழுந்தால் முதல் நாள் சாயங்காலமே இறங்கிவிடுங்கள். காலை முதல் பஸ்ஸை நம்பாதீர்கள். பனி இறங்கினாலோ மலைப்பாதையில் மரம் சாய்ந்தாலோ பஸ் நேரத்துக்கு வராது. ஹால் டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் உள்ளே விட மாட்டார்கள். கறுப்பு பால்பாயிண்ட் பேனா இரண்டு, ஹால் டிக்கெட், அடையாள அட்டை, அந்த இருபது தாள். கீழே வெயில் அடிக்கும், ஸ்வெட்டரைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.